வெங்காய வண்டியில் ஆம்ப்ளிஃபையரை எங்கே மாட்டுவது

போன வாரம் சேகர் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபையரின் மூடியைக் கழற்றியதும் குப்பென்று ஒரு வாசனை வந்தது. காய்ந்த வெங்காயச் சருகு, சூட்டில் லேசாகக் கருகிய வாசனை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அவன் ரேடியோ கடை முழுக்க அது பரவியது. சேகர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இன்னாக்கா இது, உள்ள பக்கோடா போட்டீங்களா?" என்றான். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சாயந்திரம் நீ கழற்றி மாட்டுகிற சட்டையில் தினமும் இருந்த வாசனை அதுதானே.

ஊரார் முன்னால் உன்னை "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிட்டேன். வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் "யோவ்"தான். இது வண்டிக்குள் பேசுகிற பேச்சு, அதனால் நீ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் வந்து சொல்லவா போகிறாய்.

அந்தக் குட்டி பிக்கப்பை வாங்கிய புதிதில் நமக்குள் நடந்த சண்டைகளில் பாதி இந்த ஆம்ப்ளிஃபையரை எங்கே மாட்டுவது என்பதால் வந்தவை. முதலில் நீ அதைப் பின்னால் சரக்கு ஏற்றுகிற இடத்தில், ஒரு மரப்பெட்டிக்குள் வைத்தாய். பேட்டரி பக்கத்திலேயே இருக்கிறது, ஒயர் கம்மியாகப் போகும் என்பது உன் கணக்கு. "உள்ள வெச்சா நீ எங்க மே காலு நீட்டுவ?" என்று எனக்காகச் செய்த மாதிரி வேறு பேசினாய். காற்றோட்டம் வேண்டுமென்று பெட்டிக்கு நாலு பக்கமும் ஓட்டை போட்டாய். காற்று போனதோ இல்லையோ, வெங்காயச் சருகு நன்றாகப் போனது. உள்ளே இருந்த சின்ன விசிறி அதை இழுத்து இழுத்துத் தன் மேலேயே சுற்றிக்கொண்டது.

மண்டகப்பட்டில் ஒருநாள் "பெரிய வெங்காயம்" என்று நான் ஆரம்பிக்க, "பெரி" என்பதோடு குரல் நின்றுபோனது. பின்னால் புகை. தெருவில் ஒரு பெரியவர், "டேய், வெங்காயம் வேவுதுடா வண்டியில!" என்று கத்தினார். நீ பதறிப்போய் யார் வீட்டுக் குடத்தையோ தூக்கிக்கொண்டு ஓடினாய், கரண்டு சாமான் மேல் தண்ணீர் ஊற்ற. நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். அன்றைக்குச் செஞ்சி வரும்வரை நீ வாயே திறக்கவில்லை. நானும் விடவில்லை, வழியெல்லாம் "பெரி, பெரி" என்று சொல்லிச் சொல்லி உன்னை வெறுப்பேற்றினேன்.

அடுத்து டேஷ்போர்டு மேல் வைத்தாய். நம் ஊர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பாறை மலைகள் காய்ந்து அந்தச் சூடு திரும்ப ரோட்டுக்கு அடிக்கும். முன்கண்ணாடி வழியாக அத்தனை வெயிலும் அதன் தலையில் இறங்க, உச்சி நேரத்தில் அது தானாக நின்றுவிடும். நீ ஒரு ஈரத் துண்டை நனைத்துப் பிழிந்து அதன் மேல் போர்த்தினாய், காய்ச்சல்காரனுக்குப் போடுவது போல. வண்டியைப் பார்த்தவன் எல்லாம் சிரித்தான். சீட்டுக்கு அடியில் வைக்கலாமென்றால் அந்த வண்டியில் அங்கேதான் எஞ்சின். கடைசியில் என் காலடியில் வைத்தாய். நானும் ரெண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு அடைகாக்கிற கோழி மாதிரி அதைக் காவல் காத்தேன். சூடு தெரியாமல் இல்லை. பேச்சு மும்முரத்தில் தெரியாது, இறங்கின பிறகு தெரியும்.

ஒருநாள் குதிகாலில் நான் மருந்து தடவுவதைப் பார்த்துவிட்டாய். மறுநாள் காலையில் நான் காபியோடு வந்தபோது டிரில்லிங் மெஷினைக் கடன் வாங்கிவந்து கேபினின் பின்சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாய். ஒரு பிளைவுட் பலகை, அதற்குப் பின்னால் அதிர்வு தாங்க என் பழைய ரப்பர் செருப்பை வட்ட வட்டமாக அறுத்துப் போட்டது. படுக்க வைக்காமல் நிறுத்தி மாட்டினாய், சூடு மேலே போகட்டும் என்று. அதுவும் இடது கதவோரமாக, என் தோளுக்குப் பக்கத்தில். என்னை உட்கார வைத்து, "கையத் தூக்கு, எட்டுதா பாரு, திருப்பு" என்றாய். வால்யூம் குமிழ் சரியாக என் இடது கைக்கு வந்தது.

அந்தக் குமிழ் ஏன் என் கைக்கு எட்ட வேண்டும் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ரெகார்டு செய்த குரலைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். நாம் அப்படி விற்கவில்லை. வீட்டு வாசல் வந்ததும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். அந்தப் பேர்கள் உன்னுடையவை. ஒருமுறை கால் கிலோ வாங்கினவளைக்கூட நீ மறந்ததில்லை. அவள் பேர், மாமியார் பேர், மகள் எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது, வீட்டில் சின்ன வெங்காயமா பெரிய வெங்காயமா, எல்லாம் உன் மண்டையில் இருந்தது. ஆனால் உன் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டின மாதிரி. மைக்கைக் கையில் கொடுத்தால் உனக்கு வியர்த்துவிடும். அதனால் நீ முணுமுணுப்பாய், நான் கூப்பிடுவேன். நீ முணுமுணுக்கும்போது குமிழைக் குறைத்துவிடுவேன். "அடுத்து பச்சை கேட்டு வூடு. பேரு அஞ்சலை. மருமவளுக்குக் கொழந்த பொறந்துச்சு, கேளு" என்பாய். குமிழை ஏற்றுவேன். "அஞ்சல, கொழந்த எப்டி இருக்குது? பத்திய சமையலுக்குச் சின்ன வெங்காயம் எடுத்து வெச்சிருக்கேன், வா!" என்று தெருவே கேட்கக் கூப்பிடுவேன். அஞ்சலை பூரித்துப்போய் வருவாள்.

"இத்தன ஊரு பொம்பளைங்க பேரு எப்டிடி உனக்கு ஞாபகம் இருக்குது?" என்று என்னைக் கேட்பார்கள். நீ தராசைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொள்வாய். உன் தோள் குலுங்குவது எனக்குத் தெரியும். ஒருநாள், "பாவம்யா, நீதான்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். "கம்னு இரு மே. ஒரு ஆம்பள ஊரு பொம்பளைங்க பேரெல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான்னு தெரிஞ்சா, எவளாச்சும் வூட்ட விட்டு வெளிய வருவாளா?" என்றாய். அதுவும் நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். எனக்கு அந்தப் பேர்களைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே வரவில்லை. உன்னிடம் இருந்தபோது என்னிடமும் இருந்த மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருந்தது. கரண்டு ஒயரையும் மைக் ஒயரையும் நீ ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டாய். வண்டி வேகம் பிடிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் "ஙொய்" என்று ஒரு இரைச்சல் கூடவே ஏறும். "நான் பேசறதுக்கு முன்ன உன் வண்டி பேசுதுய்யா" என்று திட்டுவேன். ஆனால் அந்த இரைச்சலைக் கேட்டே பெண்கள் பையோடு வாசலுக்கு வந்துவிடுவதைப் பார்த்த பிறகு திட்டுவதை விட்டேன்.

சித்திரையில் ஒரு காலை, மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

பிறகு வண்டி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்கத் தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தின எனக்கு, சாயந்திரம்வரை ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்கிற வீடாகிவிட்டது. உனக்கும் சேர்த்து அரிசி களைந்துவிட்டு, மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் உன் மேல் ஆத்திரம் வந்தது. இப்போதும் வருகிறது.

நம் மகன் சென்னையிலிருந்து வந்து, "வண்டிய வித்துடும்மா. எங்ககூட வந்து இரு" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அவன் வீட்டு மூன்றாம் மாடி ஜன்னலில் நான் உட்கார்ந்திருப்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். "நானே ஓட்டிப் பாக்கறேன்டா. முடியலன்னா தை பொறந்ததும் நீயே வந்து வித்துடு" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. உயிரோடு இருந்தவரை நீயே என்னை ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். கிளட்ச்சை விட்டு வண்டி குதித்தால் பின்சீட்டில் சிரிப்பு கேட்கும். நான் திரும்பி, "சிரிச்சவன் எறங்கித் தள்ளு" என்பேன். லைசென்ஸ் வந்த அன்று தார்ப்பாயைப் பிரித்து, உன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை, சீட்டை முன்னால் இழுக்க வேண்டியிருந்தது. அதை இழுப்பதற்குள் அழுதுவிட்டேன்.

மைக்கைப் போட்டுப் பார்த்தால் சத்தமில்லை. நின்ற வண்டியில் எலி புகுந்து பின்சுவர் ஒயரையெல்லாம் கடித்துத் துப்பியிருந்தது. அதனால்தான் சேகரின் கடைக்குப் போனது. ஆம்ப்ளிஃபையர் பிழைத்துக்கொண்டது. ஒயரெல்லாம் புதிதாக இழுக்க வேண்டும் என்றான். "எப்படியும் எல்லாத்தையும் பிரிக்கிறோம். எங்க மாட்டணும்னு சொல்லுக்கா" என்றான். கூடவே, "ஒரு சப்வூஃபர் போட்டுக்கலாமா, தெரு அதிரும்" என்று ஆசை காட்டினான். "வெங்காயம் விக்கவா, சாமியாடவா?" என்றேன்.

நான் உன் சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தேன். பழைய இடம் எட்டவில்லை, அது அந்தக் கோடியில் இருக்கிறது. நடுவில் வைக்கலாமென்றால் கியரும் ஹேண்ட் பிரேக்கும் இருக்கின்றன. டேஷ்போர்டு வேண்டவே வேண்டாம் என்றேன், ஈரத் துண்டுக் கதையைச் சொன்னேன். சேகர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு இடது சீட்டைத் தட்டினான். "இந்த சீட்ட கழட்டிடலாம்க்கா. ஆம்ப்ளிஃபையர இங்க வெச்சா கைக்கும் எட்டும், காத்தும் வரும். அதுல உக்கார ஆளு இல்லியே."

அவன் வேலை தெரிந்தவன், வேலைப் பேச்சு பேசினான். எனக்குத்தான் சுரீர் என்றது. அது உன் இடமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் போல. உன் இடம் காலியாக இல்லை, அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். காலியாகக் கிடப்பது என்னுடைய இடம். இத்தனை வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒருத்தி இருந்தாள் என்பதற்கு இருக்கிற ஒரே அடையாளம் அந்தக் குழி விழுந்த சீட். உன்னோடு சேர்ந்து அவளும் போய்விட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. "சீட்டத் தொடாத" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து டீக்கடையில் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரிக்கா, சரி" என்று சேகர் இறங்கி வந்தான். "அப்ப பின்சுவத்துல, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஒசரமா மாட்டிடறேன். சருகு போவாது, சூடும் தங்காது. ஆனா ஓட்டிக்கினே கை வெக்க முடியாது. சவுண்டை ஒருவாட்டி செட் பண்ணி விட்டுடுவேன். சாவியத் திருப்புனா மைக்கும் ஆன் ஆயிடும், நிறுத்துனா ஆஃப் ஆயிடும். மைக்க உன் வாய்க்கு நேரா ஒரு கம்பியில வளைச்சு வெச்சுடறேன், கை ஃப்ரீயா இருக்கும். பரவால்லியா? அடிக்கடி கொறச்சு வெச்சு ஏத்தணுமா உனக்கு?"

அது எதற்காக இருந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"வேணாம்" என்றேன். "இனிமே கொறைக்க வேண்டியது இல்ல."

கரண்டு ஒயரை ஒரு பக்கமும் மைக் ஒயரை மறுபக்கமும் பிரித்து இழுத்தான். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் வைத்தான். எஞ்சினை முறுக்கிக் காட்டினான். ஒரு இரைச்சலும் இல்லை. "பாத்தியா, கிளியர்" என்று பெருமையாகச் சொன்னான். நான் நல்லா இருக்குது என்றேன்.

மறுநாள் பஜாரில் மூட்டை எடுத்துக்கொண்டு தளவானூர் போனேன். வேறு ஊருக்குப் போயிருக்கலாம். ஆனால் அங்கேதான் நம்மிடம் வாங்குகிறவர்கள் அதிகம், ஓடுமா ஓடாதா என்று அங்கேயே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. விலையைச் சொல்லலாம். யாரைக் கூப்பிடுவது? பச்சை கேட்டு தெரிகிறது, அஞ்சலை தெரிகிறது. மற்ற கேட்டுகளெல்லாம் வெறும் கேட்டுகளாக நின்றன. ஊருக்குள் வண்டி நுழைந்தது, ஒருத்தியும் வெளியே வரவில்லை. அந்த இரைச்சல் இல்லாமல் நம் வண்டி வந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். மகனுக்குப் போன் போட்டு, சரிடா, வந்து வித்துடு என்று சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே தெரு திரும்பினபோது, எப்போதும் நாம் நிறுத்துகிற புங்கமரம் வந்தது. வெயில் சரக்கின் மேல் விழுந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"யோவ், வெயில் ஏறுது பாரு. அந்த நெழல்ல ஓரங்கட்டுய்யா."

தலைக்கு மேலே ஸ்பீக்கர் அதை ஊருக்கே சொன்னது. குழாயடியில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு வீட்டுக் கதவு திறந்தது, இன்னொன்று திறந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிழலில்தான் நின்றது. நின்றபடி கைகளை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எஞ்சினை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

கையில் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு ஒரு பெண் வந்து ஜன்னலில் நின்றாள். முகம் தெரிகிறது. எத்தனையோ முறை எடை போட்டுக் கொடுத்த முகம். பேர் வரவில்லை.

"அவருதான் பூட்டாரே, யார ஓரங்கட்டச் சொன்ன?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை.

"என்னத்தான்" என்றேன். அதுவும் ஸ்பீக்கரில் போனது.

அவள் மரத்தையும் வண்டியையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் நிறுத்தியிருக்கிற. ரெண்டு கிலோ போடு" என்று கூடையை நீட்டினாள்.

"உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டேன்.

"வெளாட்றியா? இத்தன வருஷமா நீதான என்ன மைக்குல கூப்டுவ?"

"கூப்டது நானு. தெரிஞ்சி வெச்சிருந்தது அவரு. அவரு சொல்லுவாரு, நான் கத்துவேன், அவ்ளோதான். எனக்கு ஒருத்தி பேரும் தெரியாது."

நீ சொல்ல வேண்டாம் என்றதைத் தளவானூர் தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. குழாயடியில் ஒருத்தி, "அடப்பாவி மனுசா" என்று சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நீ பயந்த மாதிரி எவளும் உள்ளே போய்க் கதவைச் சாத்தவில்லை. ஜன்னலில் நின்றவள், "சரோஜா" என்றாள். "பள்ளிக்கூடத்துக்கு எதுத்த வூடு. பெரிய வெங்காயம்தான் வாங்குவேன்." அவளுக்குப் பின்னால் வந்தவள் பையை நீட்டும்போதே பேரையும் சொன்னாள். அடுத்தவளும் சொன்னாள். அஞ்சலை பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சரக்கு தீர்ந்தது. சாயந்திரம் மகனிடம் வண்டியை விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் எத்தனை நாளைக்கு என்று கேட்டான். தெரியாது என்றேன். அவனுக்குச் சொன்னது அவ்வளவுதான். உனக்குச் சொல்ல வேண்டியது, நான் திரும்பி வந்த வழி.

மறந்துவிடக் கூடாது என்று அந்தப் பேர்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ரெண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல், ஆள் நடமாட்டம் இல்லை. மைக் ஆனில்தான் இருந்தது, நான் கவலைப்படவில்லை. சரோஜா, பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீடு, பெரிய வெங்காயம். மல்லிகா, மாடி வீடு, மகன் மிலிட்டரியில். கன்னியம்மா, கண்ணு சரியில்லை, நல்லதாகப் பொறுக்கிப் போட வேண்டும். அஞ்சலை, பச்சை கேட்டு, பேரன் நடக்கிறான். ஒன்றையும் விடவில்லை. மலை கண்ணுக்குத் தெரிகிற இடம் வந்தபோது எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன்.

முடித்துவிட்டு, எப்போதும் போல வலது பக்கம் திரும்பி, "சரியாய்யா?" என்று உன்னைக் கேட்டேன்.

வலது பக்கம் கதவுதான் இருந்தது.